குக்கரும் கதவும்

2025 ஜூலை 21 அன்று, 2006 மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் தண்டிக்கப்பட்டிருந்த பன்னிரண்டு பேரையும் பம்பாய் உயர் நீதிமன்றம் விடுவித்தது. சென்னையில் மதிய உணவுக்குப் பிறகு கைப்பேசியில் அந்தச் செய்தியைப் படித்தேன். ஐந்து பேருக்குத் தூக்கு, ஏழு பேருக்கு ஆயுள் என்று சிறப்பு நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்திருந்தது. தூக்கு விதிக்கப்பட்டவர்களில் ஒருவர் மேல்முறையீட்டின் முடிவைப் பார்க்காமலேயே 2021இல் கொரோனாவால் இறந்துபோனார். மற்றவர்கள் பத்தொன்பது ஆண்டுகளைச் சிறையில் கழித்திருந்தார்கள். இவையெல்லாம் செய்தியில் இருந்தன. ஆனால் என் கண் போய் நின்ற இடம் வேறு. ரயில்களில் வெடித்தது எந்த வகைக் குண்டு என்பதைக்கூட அரசுத் தரப்பு நிறுவவில்லை என்று நீதிபதிகள் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வரியை நான் நான்கைந்து முறை படித்தேன். எனக்கு ஓர் ஐந்து லிட்டர் அலுமினியக் குக்கர் நினைவுக்கு வந்தது. அதன் மூடியில் இருந்த கறுப்புக் கைப்பிடியும், விசில் குண்டைத் தனியே ஒரு சிறு பாலிதீன் உறையில் போட்டு உள்ளே வைத்திருந்ததும்கூட நினைவுக்கு வந்தன. பத்தொன்பது ஆண்டுகளாக நான் யாரிடமும் முழுதாகச் சொல்லாத கதை அந்தக் குக்கருடையது.

அப்போது நான் மும்பையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அலுவலகம் லோயர் பரேலில். மாலாடில் மூன்று தமிழ் நண்பர்களோடு ஓர் அறை. ஜூலை 11 அன்று மாலை 6.24க்கும் 6.35க்கும் இடையே, சர்ச்கேட்டிலிருந்து புறப்பட்ட ஏழு ரயில்களின் முதல் வகுப்புப் பெட்டிகளில் குண்டுகள் வெடித்தன. 180 பேருக்கு மேல் இறந்தார்கள். வேலை முடியாமல் நான் அலுவலகத்தில் தங்கிவிட்ட நாள் அது. “மயிரிழையில் தப்பினேன்” என்று ஊரில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அம்மா அந்த வருடம் சமயபுரத்துக்கு நேர்த்திக்கடனும் செலுத்தினாள். கொஞ்சம் நேர்மையாகக் கணக்குப் போட்டால், அன்று மாலை அந்தத் தடத்தில் பயணம் செய்த லட்சக்கணக்கானோரில் நானும் ஒருவனாக இருந்திருப்பேன். அந்த ஏழு பெட்டிகளில் ஒன்றில் இருந்திருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆனால் பயம் இப்படிக் கணக்குப் போடுவதில்லை. அது என்னை அந்தப் பெட்டியில் உட்கார வைத்தே பார்த்தது. அன்றிரவு மழையில் பாந்த்ரா வரை நடந்து, அங்கிருந்து ஒரு சரக்கு லாரியில் ஏறி நள்ளிரவுக்கு மேல் அறைக்குப் போனேன். வழியெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் தண்ணீரும் பிஸ்கட்டும் நீட்டினார்கள். தண்டவாளத்தை ஒட்டிய குடிசைகளில் இருந்தவர்கள் தங்கள் போர்வைகளில் காயம்பட்டவர்களைச் சுமந்துபோனார்கள் என்று மறுநாள் படித்தேன். மறுநாள் ரயில் ஓடியது. நாங்களும் ஏறினோம். ஏறாமல் என்ன செய்வது?

குடையும் செய்தித்தாளும்

செப்டம்பர் 30 அன்று மாநகரக் காவல் ஆணையர் செய்தியாளர்களைச் சந்தித்து, வழக்கு துலக்கப்பட்டுவிட்டது என்று அறிவித்தார். குண்டுகள் குக்கர்களில் அடைக்கப்பட்டு, பைகளில் வைக்கப்பட்டு, மேலே செய்தித்தாளும் குடையும் போட்டு மறைக்கப்பட்டிருந்தன என்பது அவர் தந்த விவரம். அதுவரை எங்கள் பயத்துக்கு உருவம் இல்லாமல் இருந்தது. ஜூலை முதல் இருக்கைக்கு அடியில் குனிந்து பார்ப்பதும், மேலே சுமைப் பலகையில் இருக்கும் பை யாருடையது என்று உரக்கக் கேட்பதும் பழக்கமாகியிருந்தாலும், எதைத் தேடுகிறோம் என்று எங்களுக்கே தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. குக்கர், செய்தித்தாள், குடை. ஒரு சராசரி வீட்டின் சமையலறையிலும் திண்ணையிலும் கிடக்கும் மூன்று பொருள்கள்.

அக்டோபர் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள். தீபாவளிக்குப் பத்து நாள்கூட இல்லை. ரம்ஜான் மாதமும் நடந்துகொண்டிருந்தது. மாலை ஆறு மணி வாக்கில் நான் வாசலில் நின்றுகொண்டிருந்த முதல் வகுப்புப் பெட்டியில், தாதரில் ஓர் இளைஞர் ஏறினார். அன்று என் மனத்துக்குள் ‘இவன்’ என்றுதான் ஓடியது. எழுதும்போது ‘அவர்’ என்று வருகிறது. இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். மெல்லிய தாடி. முதல் வகுப்புக்கான ஆள் இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது, அதாவது நான் அப்படி முடிவுசெய்தேன். கூட்டத்தின் வேகத்தில் இரண்டாம் வகுப்பில் ஏற முடியாமல் பக்கத்துப் பெட்டியில் தாவுவது அந்த நகரத்தில் தினமும் நடப்பதுதான் என்பது எனக்குத் தெரியும். நானே பலமுறை செய்திருக்கிறேன். செய்தித்தாளில் சுற்றிச் சணலால் கட்டிய உருண்டையான ஒரு பொருளைச் சுமைப் பலகையில் வைத்துவிட்டு, அவர் வாசல் பக்கம் நகர்ந்தார். நான் என் அரைகுறை இந்தியில் அது என்ன என்று கேட்டேன். அவர் சாதாரணமாக “குக்கர்” என்றார்.

அந்தச் சொல் பெட்டிக்குள் என்ன செய்தது என்பதை விவரிப்பது கடினம். யாரும் கத்தவில்லை. சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். சன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் கண்விழித்தார். ஒரு முழ இடத்தில் நாலு பேர் நிற்கும் அந்த நெரிசலில், பலகைக்கு நேர்க் கீழே திடீரென்று இடம் உண்டானது. அவருக்கு அது புரிந்துவிட்டது. முகம் மாறியது. புரிந்ததால் மாறிய முகத்தை நாங்கள் குற்றமுள்ள முகமாக எடுத்துக்கொண்டோம். வண்டி அடுத்து நின்ற நிலையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே நடைமேடையில் ஒரு காவலர் நின்றிருந்தார். இறங்கிப் போய் அவரிடம் சொன்னது நான்தான். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் வாசலில் நின்றதால் எனக்கு இறங்குவது எளிதாக இருந்தது, அவ்வளவுதான் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவரை இறக்கினார்கள். பொட்டலத்தை அவரே பிரிக்க வேண்டும் என்று காவலர் ஐந்தடி தள்ளி நின்று கட்டளையிட்டார். சணல் முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தார். குக்கர். உள்ளே உறையில் விசில், ரப்பர் வளையம், உத்தரவாத அட்டை, கடை ரசீது. பார்த்தவர்கள் சிலர் சிரித்தார்கள். எனக்கும் நிம்மதியில் சிரிப்பு வந்தது. முடிந்தது என்று நினைத்தேன். காவலர் அவர் பெயரைக் கேட்டார். அவர் சொன்னார். அதுவரை அலுப்பாக இருந்த காவலரின் குரல் அதற்குப் பிறகு வேறாகிவிட்டது. தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். அதற்குள் வண்டி நகர, நான் ஓடிவந்து கம்பியைப் பிடித்து ஏறினேன். உள்ளே இடமில்லை. ஒரு கால் வாசற்படியின் விளிம்பில், இன்னொரு கால் அந்தரத்தில், வலக்கை நடுக்கம்பியில், தோள்பை முதுகுக்கு வெளியே காற்றில் ஆடியது. அப்படியே மாலாட் வரை போனேன். பெரிய ஆபத்திலிருந்து தப்பித்த உணர்வுதான் அப்போது எனக்கு இருந்தது.

எதிரே வரும் வண்டிக்கும் என் முதுகுக்கும் இடையே இரண்டு முழம்கூட இருந்திருக்காது. அதைப் பற்றி அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

வாசலில் நின்றவர்

அந்த வாசலில் எனக்கு இடம் கிடைத்ததற்கும் ஒரு கதை உண்டு. எங்கள் பெட்டியில் தினமும் வரும் குழுவில் ஒரு குஜராத்திப் பெரியவர் இருந்தார். கணக்கர், ஓய்வுபெற ஈராண்டு இருந்தது. இடப்பக்க வாசலின் முன்மூலை அவருடையது. காற்று வேண்டும் என்பார். ஜூலைக் குண்டுவெடிப்புக்கு ஐந்து மாதம் முன்பு, பிப்ரவரியில், இரண்டு நிலையங்களுக்கு நடுவே அவர் விழுந்தார். கம்பம் மோதியதா, கை நழுவியதா, யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. மறுநாள் காலை பெட்டியின் சுவரில் அவருடைய பாஸ்போர்ட் அளவு புகைப்படத்தை ஒட்டி, ஒரு முழம் சாமந்திச் சரத்தைத் தொங்கவிட்டார்கள். வழக்கமாகப் பாடும் பஜனையை அன்று பாடவில்லை. மூன்றாம் நாள் சரம் காய்ந்து உதிர்ந்தது. நான்காம் நாள் அந்த மூலையில் நான் நின்றேன். காலியாக இருந்தது, நின்றேன். எங்களில் ஒருவருக்கும் கதவை மூட வேண்டும் என்றோ, அடுத்த வண்டிக்குக் காத்திருக்கலாம் என்றோ தோன்றவில்லை. அந்தக் கதவுகளை மூடினால் உள்ளே மூச்சு முட்டும்; திறந்து வைத்தால் யாராவது விழுவார்கள்; விழுகிறவர் நாமாக இருக்கமாட்டோம்.

மும்பைப் புறநகர் ரயிலில் நாளொன்றுக்குப் பத்துப் பேர் சாகிறார்கள் என்பது அந்நாளில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. தண்டவாளத்தைக் கடப்பவர்கள், வண்டியிலிருந்து விழுபவர்கள், கம்பத்தில் மோதுபவர்கள், நடைமேடைக்கும் வண்டிக்கும் இடையிலுள்ள சந்தில் சிக்குபவர்கள். பிறகு எண்ணிக்கை குறைந்தது. ஆனாலும் 2023இல் மட்டும் 2,500 பேருக்கு மேல் இறந்தார்கள். இருபது ஆண்டுகளின் மொத்தக் கணக்கு ஐம்பதாயிரத்தைத் தாண்டுகிறது. அதே நகரத்தில் 1993 தொடர் குண்டுவெடிப்பில் 257 பேர், 2008 நவம்பர் தாக்குதலில் 166 பேர். இடையில் 2003, 2006, பின்னர் 2011 என்று எல்லாவற்றையும் கூட்டினாலும் மொத்தம் ஆயிரத்தை எட்டாது. ரயில் பாதை சில மாதங்களில் பலிகொள்ளும் எண்ணிக்கை அது. 2006 ஜூலை 11 அன்று இறந்தவர்களின் எண்ணிக்கையை, அன்றைய நாளுக்குப் பத்து என்ற கணக்கில், அந்தப் பாதை மூன்றே வாரத்தில் எட்டிவிடும். அந்த மூன்று வாரத்துக்கு யாரும் நினைவஞ்சலி நடத்துவதில்லை, எந்த மந்திரியும் அந்த இடத்துக்கு வருவதில்லை.

யார் செலவில் அஞ்சுகிறோம்

இந்த ஒப்பீடு புதிதில்லை. மனிதன் அரிதானதற்கு அதிகமாக அஞ்சுகிறான், பழகியதற்கு அஞ்சுவதில்லை என்று படித்தவர்கள் விளக்கம் சொல்வார்கள். ஒரே நேரத்தில் பலர் சாவதும், பிறருடைய கட்டுப்பாட்டில் நாம் இருப்பதும், படங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதும் பயத்தைப் பெருக்கும் என்பதும் உண்மைதான். அமெரிக்காவில் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு விமானத்துக்கு அஞ்சிப் பலர் காரில் போனார்கள்; அதனால் அடுத்த பன்னிரண்டு மாதங்களில் சாலையில் கூடுதலாக ஏறத்தாழ 1,500 பேர் இறந்திருக்கிறார்கள் என்று ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் கணக்கிட்டார். பயமே கொன்ற எண்ணிக்கை அது.

ஆனால் அந்த விளக்கம் என் குக்கர் கதைக்குப் பொருந்தவில்லை. எங்களிடம் கார் இல்லை. பயந்தோம்; ஆயினும் மறுநாளே அதே தடத்தில், அதே பெட்டியில், அதே வாசலில் ஏறினோம். நாளேடுகள் அதை மும்பையின் மனத்திடம் என்று எழுதின. என்னளவில் அது மாதச் சம்பளத்தின் மனத்திடம். பயத்தால் எங்கள் பயணத்தை மாற்ற முடியவில்லை. மாறியது ஒன்றுதான்: யாரைப் பார்க்கிறோம் என்பது. இதை யோசிக்க யோசிக்க, பயத்தின் அளவுக்கும் ஆபத்தின் அளவுக்கும் உள்ள இடைவெளியைவிட வேறொன்று என்னை உறுத்தத் தொடங்கியது. கதவுக்கு நான் அஞ்சியிருந்தால், அதற்கான விலையை நானே கொடுத்திருக்க வேண்டும். இரண்டு வண்டிகளை விட்டுவிட வேண்டும். அரை மணி நேரம் தாமதமாகும். அலுவலகத்தில் பேச்சு வாங்க வேண்டும். அல்லது கூடுதல் வண்டி கேட்டு மனு எழுதி, கையெழுத்து வாங்கி, நாலு வருடம் அலைய வேண்டும். குக்கருக்கு அஞ்சியதற்கு நான் கொடுத்த விலை, நடைமேடையில் பத்தடி நடை. மீதியை அந்த இளைஞர் கொடுத்தார்.

பிறர் தலையில் கட்ட முடிகிற பயத்தை நாம் தாராளமாகப் பயப்படுகிறோம் என்றே இப்போது நினைக்கிறேன். சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர், அதாவது நாளொன்றுக்கு 49 பேர். இதற்கு உண்மையிலேயே அஞ்சத் தொடங்கினால் என் மகன் வேகத்தைக் குறைக்க வேண்டும், நான் தெருமுனைக் கடைக்குப் போகும்போதும் தலைக்கவசம் போட வேண்டும், என் உறவினர் திருமண வீட்டில் குடித்துவிட்டு வண்டி எடுக்கக் கூடாது. தலைக்கவசம் கட்டாயம் என்றதும் எத்தனை பேர் தனிமனித சுதந்திரம் பற்றிப் பேசினார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அவர்களில் பாதிப் பேர், சந்தேகத்தின் பேரில் ஒருவரை ஆறு மாதம் குற்றப்பத்திரிகை இல்லாமல் உள்ளே வைக்கலாம் என்ற சட்டம் வந்தபோது வாய்திறக்கவில்லை. நானும்தான்.

மூன்று வாரமும் மூன்று ஆண்டும்

அந்தச் சட்டம் 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு வந்தது. தாக்குதல் முடிந்து மூன்று வாரம் ஆவதற்குள், டிசம்பர் 17, 18 தேதிகளில், இரு அவைகளும் தேசியப் புலனாய்வு முகமைச் சட்டத்தையும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான உபாவின் திருத்தத்தையும் நிறைவேற்றிவிட்டன. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 180 நாள் அவகாசம். வழக்கு முதல் பார்வையில் உண்மை என்று நீதிமன்றம் கருதினாலே பிணை இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் திருத்தமோ 2016இல் அறிமுகமாகி 2019இல்தான் நிறைவேறியது. அந்த மூன்று ஆண்டுகளில் சாலையில் நாலு லட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சட்டம் வந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லவரவில்லை. அவசரம் என்ற சொல்லை நாம் எதற்கு எடுத்து வைத்திருக்கிறோம் என்பதைச் சொல்கிறேன்.

2016 முதல் 2019 வரை உபா சட்டத்தில் கைதானவர்கள் 5,922 பேர், தண்டனை பெற்றவர்கள் 132 பேர் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பல வழக்குகள் அப்போது நிலுவையில் இருந்தன என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்; ஆனால் நிலுவை என்பதுதான் இங்கே தண்டனை. அந்தச் சட்டத்தில் கைதான, திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமிக்கு நடுக்குவாதம். சிறையில் தண்ணீர் குடிக்க ஒரு உறிஞ்சுகுவளை கேட்டு அவர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. 84 வயதில், பிணை கிடைக்காமலேயே, 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் இறந்தார். குண்டுக்குப் பயந்து நாம் தலையாட்டிய சட்டம், குண்டே இல்லாத இடங்களுக்கும் நடந்து போகிறது.

தமிழ் வாசகர்களுக்குப் பேரறிவாளனைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. அவரிடம் பெறப்பட்ட வாக்குமூலத்தை மட்டும் இங்கே நினைவூட்டுகிறேன். காவல்துறையிடம் கொடுத்த வாக்குமூலம் சான்றாகாது என்பது நம் நாட்டின் பொதுவான விதி. அடித்து வாங்கலாம் என்பதால் வெள்ளைக்காரன் காலத்திலேயே ஏற்பட்ட எச்சரிக்கை அது. பயங்கரவாதத்துக்கு எதிராக வந்த தடா சட்டம் அந்த விதியை நீக்கியது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தடா குற்றமே பொருந்தாது என்று 1999இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், தடாவின் கீழ் எடுத்த வாக்குமூலம் செல்லும் என்றது. தான் வாங்கித் தந்த இரண்டு பேட்டரிகள் எதற்கு என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தான் பதிவுசெய்யாமல் விட்டதாக, வாக்குமூலத்தை எழுதிய காவல் அதிகாரியே 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். 19 வயதில் உள்ளே போனவர் வெளியே வந்தது 2022இல். மும்பை ரயில் வழக்கு நடந்தது தடாவில் இல்லை, திட்டமிட்ட குற்றங்களுக்கு எதிரான மகாராஷ்டிரத்தின் மகோகா சட்டத்தில். ஆனால் அதிலும் காவல் உயரதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் சான்றாகும். உயர் நீதிமன்றம் அந்த வாக்குமூலங்களை ஒதுக்கித் தள்ளியது. சித்திரவதை நடந்திருக்கக்கூடும் என்றும், வெவ்வேறு ஆட்களுடைய வாக்குமூலங்களின் பகுதிகள் ஒன்றுபோலவே இருக்கின்றன என்றும் அது கண்டது. பேட்டரியும் குக்கரும் கடையில் கிடைக்கிற பொருள்கள். அவற்றைக் குண்டாக்க வாக்குமூலம் வேண்டியிருக்கிறது.

எண்ணாதே என்று சொன்னவர்

இந்தக் கணக்கையெல்லாம் அன்று என்னோடு வேலைபார்த்த ஒருவரிடம் தொலைபேசியில் சொன்னேன். தீர்ப்பு வந்த வாரம் அது. அவருடைய அண்ணன் 2006 ஜூலையில் மாஹிம் அருகே வெடித்த வண்டியில் இருந்தவர்; ஒரு காது முழுதாகக் கேட்காது. பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “நீங்கள் எண்ணுகிறீர்கள். கதவிலிருந்து விழுந்தவரை யாரும் தள்ளவில்லை. என் அண்ணனைக் கொல்ல ஒருவன் திட்டம் போட்டான். இரண்டையும் ஒரே நோட்டில் எழுதாதீர்கள்.” என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை. கொலை நோக்கம் என்பது எண்ணிக்கையில் அடங்காத ஒரு பொருள். ஊரில் ஒரு கொலை நடந்தால் பத்து நோய்ச் சாவைவிட அது அதிகம் பேசப்படுவதில் நியாயம் இருக்கிறது. மேலும், தடுக்காமல் விட்டால் குண்டுகள் இதே எண்ணிக்கையில் நின்றிருக்கும் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் கிடையாது. காவலர்கள் கண்விழித்திருப்பதால்தான் எண் சிறியதாக இருக்கிறது என்று ஒருவர் வாதிட்டால், அதை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் அவரே பேச்சின் முடிவில் வேறொன்று சொன்னார், நான் எதிர்பார்க்கவில்லை. “பத்தொன்பது வருடம் அந்தப் பன்னிரண்டு பேரைத் திட்டிக்கொண்டே என் அம்மா இருந்தாள். இப்போது அவள் யாரைத் திட்ட வேண்டும் என்று கேட்கிறாள்.” மாநில அரசு உடனே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, இந்தத் தீர்ப்பைப் பிற வழக்குகளுக்கு முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்று ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது, வெளியே வந்தவர்களை மீண்டும் சிறைக்கு அனுப்பவில்லை. வழக்கு எங்கே போய் முடியுமோ, அந்த அம்மாவுக்கு அது உதவுமா என்று தெரியவில்லை. அவசரமாக யாரையாவது பிடிக்க வேண்டும் என்று நாங்கள் அன்று கொடுத்த அழுத்தத்தில், பிடிக்க வேண்டியவர்கள் எந்தக் கூட்டத்தில் கலந்து போனார்கள் என்பதை இனி யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. பாதுகாப்புக்காக உரிமையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தோம் என்று பெருமூச்சு விடுகிறோம். இந்த வழக்கில் உரிமையும் போயிற்று, உண்மையும் கிடைக்கவில்லை. ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கியதாக எந்தக் கடையில் ரசீது இருக்கிறது?

தீர்ப்புக்கு ஆறு வாரம் முன்பு, ஜூன் 9 அன்று, தாணே மாவட்டத்தின் மும்ப்ராவில் ஒரு வளைவில் எதிரெதிரே கடந்த இரண்டு நெரிசல் வண்டிகளிலிருந்து பலர் விழுந்தார்கள். அன்று நான்கு பேர் இறந்தார்கள். வாசலில் தொங்கியவர்களின் தோள்பைகள் உரசியதால் இருக்கலாம் என்று செய்திகளில் வந்தது. நான் என் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இனிப் புதிதாக வரும் வண்டிகளுக்கெல்லாம் தானியங்கிக் கதவு வைப்போம் என்று ரயில்வே அன்றே அறிவித்தது. குளிர்சாதன வண்டியில் அப்படிக் கதவு வந்து 2025இல் எட்டாவது ஆண்டு. சாதாரண வண்டிக்கு அந்த அறிவிப்பு வர ஐம்பதாயிரம் பேர் இறந்தாக வேண்டியிருந்தது.

நோட்டில் ஏறிய பெயர்

குக்கர் நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் கழித்து, எங்கள் குழுவில் மராத்தி தெரிந்த ஒருவர் அந்த நிலையத்தில் இறங்கிக் காவலரிடம் விசாரித்தார். நான் போகவில்லை, வண்டியிலேயே நின்றேன். இரவு முழுவதும் உட்கார வைத்திருந்ததாகவும், கடைக்காரரை வரவழைத்து ரசீதைச் சரிபார்த்ததாகவும், காலையில் அனுப்பிவிட்டதாகவும் காவலர் சொன்னாராம். “குக்கரைக் கொடுத்தார்களா?” என்று நான் கேட்டேன். அதைக் கேட்க மறந்துவிட்டேன் என்றார் நண்பர். அடிக்கவில்லையே என்று நான் கேட்கவில்லை. அது ரம்ஜான் மாதம் என்பதும், நாங்கள் அவரை இறக்கிய நேரம் நோன்பு திறக்கும் நேரம் என்பதும் எனக்கு அடுத்த ஆண்டுதான் தெரியவந்தது; அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் மாலை ஆறே கால் வாக்கில் பேரீச்சம்பழத்தோடு எழுந்து போனபோது. வீட்டில் யாரோ அன்று அந்தக் குக்கருக்காகவும் அவருக்காகவும் காத்திருந்திருப்பார்கள்.

காவலர் அந்த இளைஞரின் பெயரைக் கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவர் முதலில் மெதுவாகச் சொன்னார். காவலர் காதில் விழாததுபோல் மீண்டும் கேட்க, இரண்டாம் முறை தகப்பனார் பெயரையும் ஊரையும் சேர்த்துச் சொன்னார். காவலர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அந்தப் பெயர் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. இங்கே எழுதப்போவதில்லை. அதை ஒரு நோட்டில் ஒருமுறை ஏற வைத்தவன் நான்.